சிவப்புப் பூ வந்த பிறகு

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். அடுப்படியில் ஒழுகல். இரண்டு ஓடு மாற்ற வேண்டும்.

வெள்ளியன்று மலையிறங்கி நல்லம்மாளை நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வயிற்றில் கட்டி. தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இவளோ அம்மனிடம் பூக் கேட்காமல் வரமாட்டாள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் கல்யாணமும் இந்த வீடு கட்டியதும் அப்படிக் கேட்டுத்தான்.

ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. இரண்டிலும் வெள்ளையே வைத்துவிட்டால்? கை அதுவரை போனது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வாத்தியாரே விடையைக் காட்டுவது போல. வைக்கவில்லை.

ஐப்பசி 10, செவ்வாய்

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். நல்லம்மாள் ஒன்றை எடுத்தாள். சிவப்பு அரளி.

"அம்மா வேண்டாங்குது. நான் வரலீங்க."

மத்தியானம் இருவரும் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம். யார் மேல்? இல்லாத ஒருவர் மேல் கோபம் வராது. அப்படியானால் நம்புகிறேன் போலிருக்கிறது.

ஐப்பசி 11, புதன்

மழை விட்டது. சேந்தமங்கலம் காதர் பாய் மிளகு எடுக்க வந்தார். இருபது வருடப் பழக்கம். மூட்டையைத் தொடாமல் முதலில் அக்காவுக்கு எப்படி என்று கேட்டார். சொன்னேன். பூக் கேட்டதை அவர் ஒரு வார்த்தையிலும் இளக்காரம் செய்யவில்லை. நல்லம்மாளிடம் மட்டும் சொன்னார்:

"நாங்களும் கேப்போமுங்க அக்கா. தொழுது கேட்டுப்போட்டு, கெளம்பிருவோம். ஆவாதுன்னா வழிய அவனே அடச்சுருவான்."

அவள் மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பாய் போன பிறகு:

"கெளம்பிப் பாக்கலாமுங்க. வழி அடச்சா திரும்பிரோணும். அப்பப் பேச்சு மாறக்கூடாது."

சரி என்றேன்.

ஐப்பசி 12, வியாழன்

எடுத்துவைக்க: ஸ்கேன் படம், காப்பீட்டு அட்டை, இரண்டு சேலை, பிளாஸ்க், அவள் கண்ணாடி.

ஆஸ்பத்திரி நர்ஸ் போனில், கட்டாயம் வந்துவிடச் சொன்னாள். அவர்கள் சர்ச் ஜெபத்தில் நல்லம்மாள் பெயரையும் சேர்த்திருக்கிறாளாம்.

நர்ஸுக்குக் கடவுள், கேட்டால் மனமிரங்கும் அப்பா. பாய்க்கு, வழியைத் திறந்தும் அடைத்தும் நடத்துகிறவன். நல்லம்மாளுக்கு, முகம் பார்த்துப் பதில் சொல்லும் தாய். மிளகுக் கொடி எந்த மரத்தில் ஏறினாலும் மிளகுதானே என்று, வாத்தியார் வேலையில் இருந்தபோது வகுப்பில் சொல்லியிருப்பேன். ஆனால் எல்லா மரத்திலும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. உதாரணம் சரியில்லை. மூன்று பேரும் கேட்கிறார்கள், காத்திருக்கிறார்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியவில்லை.

மாலை மறுபடி மழை.

ஐப்பசி 13, வெள்ளி

பஸ்ஸில் எழுதுகிறேன். வளைவுக்கு வளைவு கோணல் எழுத்து.

முதல் பஸ். புறப்படுமுன் கோயில் வாசலில் நின்று அம்மனிடம் சொல்லிக்கொண்டாள். சிவப்புப் பொட்டலம் மடியில்.

பாதி மலை இறங்கியிருப்போம். வளைவில் ரோட்டின் குறுக்கே பெரிய மரம். டிரைவர் இன்ஜினை அணைத்தார். நான் நல்லம்மாளைப் பார்க்கவில்லை. வழி அடைத்தால் திரும்புவதாக வார்த்தை கொடுத்திருக்கிறேன்.

ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் கொடுவாள் கொண்டுவந்தார். கீழிருந்து வந்த லாரியிலிருந்து கயிறு. கிளை வெட்டி, கட்டி இழுத்தோம். முக்கால் மணி நேரம். நல்லம்மாள் இறங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மரம் பள்ளத்தில் உருண்டதும் கேட்டாள்:

"ஏனுங்க, இது அடச்சதா, தொறந்ததா?"

தெரியவில்லை என்றேன். உண்மை அதுதான்.

கைகழுவி வந்தபோது அவள் முன்னமே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் பையை வைத்து எனக்கு இடம் போட்டிருந்தாள்.