கடைக்காரர் கட்டிய பொட்டலம்

ஐப்பசி 10, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பிசானப் பருவ நடவுக்கு நெல்விதை வாங்கிய களக்காட்டு விவசாயி இன்று எங்கள் விதைப் பரிசோதனை நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க காகிதத்துல நூத்துக்குத் தொண்ணூறு மொளைச்சிருக்கு. என் நாத்தங்கால்ல பத்துகூட வரல. ஒங்க காகிதத்துலயே நாத்துப் பாவிக்கிடட்டுமா?"

எங்கள் துறையின் விதை ஆய்வாளர் கடையில் மூட்டையைத் திறந்து மாதிரி எடுப்பதில்லை. கடைக்காரர் நல்ல விதையாகக் கட்டித் தரும் பொட்டலத்துக்கு முத்திரை வைத்து எங்களுக்கு அனுப்புகிறார். எனக்கு இது வெகுநாளாகத் தெரியும். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவரும் அந்த ஆய்வாளர்தான். அதனால் அவரைக் காட்டிக்கொடுப்பது நியாயமா வன்மமா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஆனால் அதே மூட்டைகள் நாளையும் விற்கும்.

துறை இயக்குநருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பேட்டையில் என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. அங்கே தபாலில் போடுவேன். முளைப்புச் சான்றில் என் கையெழுத்து இருக்கிறது. கடிதத்தில் போடப்போவதில்லை.