உன் நீளக் கேபிளை வெட்டிவிட்டேன்

சால்டரிங் வாசனை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. விரலையும் சுட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான். உன் கிடார் கேபிளைப் பற்றவைத்தேன். வெட்டியவனும் நான்தான்.

செங்கம் ரோட்டுக் கஃபேயில் சனிக்கிழமை சாயங்காலம் நாம் சேர்ந்து கிடார் வாசிப்போம். பிளக் உள்சுவரில் இருந்ததால், சத்தத்தைக் கூட்டும் ஆம்பும் அங்கேதான். நான் அதன் பக்கத்திலேயே உட்காருவேன். நீ மட்டும் கேபிளை மேசைகளுக்கு அடியில் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய். அங்கே உன் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். காபி கொண்டுவருகிறவர்கள் கால் தடுக்கித் திட்டினால் சிரிப்பாய்.

கேபிள் நீள நீள, கிடாரின் கூர்மையான மேல்சத்தம் ஆம்புக்கு வருமுன் மழுங்கிவிடும். "டேய், போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்குடா. சின்ன கேபிள் வாங்கேன்" என்று நச்சரிப்பேன்.

"சத்தம் கூரா வந்தா பாப்பாவுக்குக் காது கூசுதுடா. இதுவே போதும்" என்பாய். அதைச் சாக்கு என்றே நினைத்தேன்.

நீ போனபின் உன் மனைவி கிடாரையும் கேபிளையும் என்னிடம் கொடுத்தார். "சும்மா கெடந்தா வீணாப்பூடும், நீங்களே வாசிங்கண்ணா" என்றார். அந்த வாரமே கேபிளை வெட்டி, குட்டைத் துண்டின் முனையில் செருகுவதற்குப் புது ஜாக் வைத்தேன். சத்தம் பளிச்சென்று வந்தது. கஃபேயில் கைதட்டினார்கள். சொல்லவே கூசுகிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னோடு போட்ட சண்டையில் ஜெயித்துவிட்ட சந்தோஷம். பதில் சொல்ல நீ இல்லாதபோது ஜெயித்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை உன் மகள் வந்து வாசலில் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நீ முதலில் வாசிக்கும் மெட்டையே வாசித்தேன். எழுந்து உள்ளே வந்தாள்.

"மாமா, இது அப்பா கிடார்தானே? ஏன் அப்பா மாதிரி கேக்கல?"

கிடாரின் டோன் குமிழைத் திருகிக் கூர்மையைக் குறைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பரவால்ல மாமா" என்று திரும்பிப் போய்விட்டாள். அந்தப் 'பரவால்ல' வாரம் முழுக்கக் குத்தியது.

இன்று மதியம் இரண்டு துண்டையும் சேர்த்துப் பற்றவைத்து டேப் சுற்றினேன். ஒட்டிய இடம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. யாராவது மிதித்தால் கரகரக்கிறது. சாயங்காலம் அதை மேசைகளுக்கு அடியில் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நாலைந்து சுரம்தான் வாசித்திருப்பேன். உன் மகள் நோட்டிலிருந்து தலை நிமிராமலே சற்று நகர்ந்து, நீ உட்காரும் இடத்தை எனக்கு விட்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே வாசித்து முடித்தேன்.