இருபத்திரண்டு கெட்ட தாள்கள்

ஓவிய அறை பீரோவைத் திறந்ததும் காய்ந்த பசை வாசனையோடு ஒரு கட்டு காலில் விழுந்தது. சணல் கயிற்றில் நீ போடும் இரட்டை முடிச்சு. பன்னிரண்டாம் வகுப்பின் ஆண்டிறுதி ஓவியத் திட்டத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியை. நீ போனபின் இதை நான் தனியாகச் செய்வது இதுதான் முதல் முறை.

கோபாலபுரத்துச் சின்னப் பள்ளியில் ஓவிய ஆசிரியைகள் நாம் இரண்டே பேர், இருவருக்கும் ஒரே மேஜை. முதலில் நாம் போட்ட திட்டத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். ‘உன் தெரு’ என்று தலைப்புக் கொடுத்து, வீட்டில் வரைந்துவர ஆறு வாரம் கொடுத்தோம். ஒன்பது பேர் ஒரே கை வரைந்த தெருவைக் கொண்டுவந்தார்கள். ஒன்பதிலும் அதே வேப்பமரம், அதே மாடு. தி.நகரில் ப்ராஜெக்ட் செய்துகொடுக்கும் ஏதோ ஒரு கடையில் பெற்றோர் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயோ அந்த மாட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாய்.

“முடிச்ச படம் கடையில கெடைக்கும்டி. கெட்டுப்போன தாள் எந்தக் கடையில கெடைக்கும்?” என்றாய்.

அடுத்த ஆண்டு முதல், வரையும்போது கெட்டுப்போன தாள்களையும் படத்தோடு சேர்த்துத் தர வேண்டும் என்று விதி வந்தது. விதி உன்னுடையது, எதற்கு எத்தனை என்று கட்டம் போட்டுப் பிரிக்கும் மதிப்பெண் தாள் என்னுடையது. முழு மதிப்பெண்ணையும் முடித்த படத்துக்கே வைத்தேன். கெட்ட தாள்கள் சாட்சிக்கு மட்டும்.

அந்த ஆண்டுதான் நொச்சிக்குப்பத்து மாணவி ஒருத்தி இருபத்திரண்டு கெட்ட தாள்களைத் தந்தாள். முடித்த படம் இல்லை. ரோட்டோரம் அவள் அம்மா மீன் விற்பதைத்தான் திரும்பத் திரும்ப வரைந்திருந்தாள். ஏன் முடிக்கவில்லை என்று கேட்டேன். “அம்மா ஒரு நிமிசம் சும்மா குந்தினாத்தான மிஸ் முடிக்க முடியும்” என்றாள். தேர்ச்சிக்குக் கீழே போட்டேன். ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருந்தாள் என்பது எனக்கும் தெரியும்.

“அவ வேலை செஞ்சிகீறா. அதுக்கு உன் தாள்ல கட்டம் இல்ல. தப்பு அவளுதா, உன்னுதா?” என்று கேட்டாய். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அப்படியானால் கட்டத்தைச் சேர் என்றாய். நான் சேர்க்கவில்லை. அவள் பி.காம். சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். அதன்பின் நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போன மழையின்போது, மூன்று நாள் காய்ச்சலில், நீ போய்விட்டாய்.

காலில் விழுந்த கட்டைப் பிரித்தேன். அவளுடைய இருபத்திரண்டு தாள்களும் இருந்தன. அவற்றுக்கு அடியில் உன் கையெழுத்தில் பதினொரு மதிப்பெண் தாள்கள், எல்லாம் அடித்துத் திருத்தியவை. கெட்ட தாள்களுக்கு என்று ஒரு கட்டம் போட்டிருந்தாய். ஒன்றில் நூற்றுக்குப் பத்து, இன்னொன்றில் நாற்பது, அடுத்ததில் இருபது. கடைசித் தாளில் கட்டம் மட்டும் இருந்தது, எண் இல்லை. அவ்வளவு உறுதியாக என்னோடு சண்டை போட்டவளுக்கும் எத்தனை போடுவதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது. அதைச் சொல்லிக் கேலி செய்யத் திரும்பினால் எதிர் நாற்காலி காலி. உன் சாவுக்கு வராத அழுகை அப்போது வந்தது.

நேற்று திட்டத்தை எழுதினேன். உன் கட்டத்தில் ஐம்பது போட்டேன். உன் பதினொரு தாள்களையும் அடியில் வைத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். இந்தக் கிறுக்கலெல்லாம் எதற்கு என்று கேட்டார் தலைமையாசிரியை. கெட்ட தாள்களையும் சேர்த்துத் தருவதுதான் எங்கள் விதி என்றேன்.

பிறகு அவளுடைய தாள்களுக்குப் புதுக் கட்டத்தில் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். தேர்ச்சி. இதனால் இனி அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் தப்பு யாருடையது என்று நீ கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது. நாளை சனிக்கிழமை. இந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு நொச்சிக்குப்பம் போகிறேன், அந்தப் பதிலை அவளிடமே சொல்ல.