இருநூற்றுக்கு முன்னால் ஒரு புள்ளி

அக்கா,

போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். உங்கள் கையுறையும் இங்கேதான் இருக்கிறது. தோலும் வியர்வையும் கலந்த அதன் மணம் போர்வை முழுக்கப் பரவிவிட்டது. அம்மா கண்டால் அழுவார், அதனால் ஒளித்து வைத்திருக்கிறேன். காய்ச்சல் என்று வைத்தியசாலைக்குப் போன நீங்கள் திரும்பி வராமல் மூன்று கிழமை ஆகிவிட்டது. அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். ஈலிங்கில் இருந்து தினமும் வரும் பெரியப்பாதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்.

இந்தக் கிழமை முழுக்க உங்கள் கல்வெட்டைப் பற்றித்தான் கதை. முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அந்த நினைவுப் புத்தகத்துக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. அச்சான பிறகு உண்மையிலேயே ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது.

உங்கள் பேஸ்போல் குழுத் தலைவி பெரியப்பாவுடன் தொலைபேசியில் பேசினார். விளையாடிய காலம் முழுவதையும் சேர்த்தால் நீங்கள் அடித்தது "டூ ஹன்ட்ரட்" என்றார். ஐந்து தரம் மட்டை பிடித்தால் ஒரு தரம் சரியான அடி என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்தது கிரிக்கெட். "துடுப்பாட்டச் சராசரி 200" என்று பெருமையோடு எழுதிவிட்டார்.

"பெரியப்பா, அதுக்கு முன்னால ஒரு புள்ளி இருக்கு."

"என்ன புள்ளி?"

"தசம் ரெண்டு."

கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்டுகூட இல்லையோ? எங்கட பதினோராவது ஆளே இதைவிட அடிப்பான். மற்றப் பிள்ளையளின்ர சராசரி என்ன?"

"நாலு தரத்துக்கு ஒண்டு."

"அப்ப சராசரிக்கும் கீழ. போன பிள்ளையைப் பற்றி இதை எழுத ஏலாது. வெட்டுவம்."

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மாவுக்குக் "கீழ" என்ற சொல் மட்டும்தான் கேட்டது. அதற்கே அழுதார். இப்போது கல்வெட்டில் இருப்பது "சிறந்த துடுப்பாட்ட வீராங்கனை" என்ற பொய் மட்டும். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பதுதான் உங்கள் வேலை, ஆனால் கேட்சர் என்ற சொல்லே அதில் இல்லை.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. போன கோடையில் ஆட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது நான் கேட்டது நினைவிருக்கிறதா? முழங்கால் இரண்டிலும் ஐஸ் பையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் காலை நீட்டியிருந்தீர்கள்.

"மற்றவையளவுக்கு ஏனக்கா அடிக்கிறேல்லை?"

"ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழும்பிறவளையும் தூரத்தில நிண்டு புல்லுப் பார்க்கிறவளையும் ஒரே தராசில போட்டால் அப்பிடித்தான். லீக்கில கேட்சர்மாரை மட்டும் எடுத்துப் பாரடி. நான் அவையின்ர சராசரிக்கு மேல."

"அப்ப நீங்கள் திறமோ?"

"திறம் இல்லை. கேட்சருக்குப் பரவாயில்லை."

அந்தப் பதிலைப் பெரியப்பாவுக்கு முன்னால் சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலை உயர்த்தினால் எனக்கு எல்லாச் சொல்லும் மறந்துபோகும். ஆனால் கல்வெட்டை வாங்கப் போவது உறவினர்கள் மட்டுமில்லை. உங்கள் குழுப் பிள்ளைகளும் வருவார்கள். யாரையோ பற்றி எழுதியதை அவர்கள் உங்கள் படத்துக்குக் கீழே பார்ப்பார்கள்.

காலையில் அது அச்சகத்துக்குப் போகிறது. அதனால் ஒரு வசனம் எழுதினேன். "ஐந்துக்கு ஒன்று அடித்தார், லீக் சராசரிக்குக் கீழே, கேட்சர்களின் சராசரிக்கு மேலே." கண்ணை இறுக்கிக்கொண்டு பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. "பிள்ளை இன்னும் நித்திரை கொள்ளேல்லையோ? உது ஆருக்கு விளங்கப் போகுது?"

அக்கா, உங்களைப்போல அடிக்க எனக்கு வராது, பிடிக்கவும் வராது. பந்து முகத்துக்கு நேரே வரும்போதும் எழும்பி ஓடாத உங்கள் பழக்கத்தில் பாதிதான் எனக்கு வந்திருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எழுதினேன்:

"கேக்கிற ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்துறன், பெரியப்பா. உங்களுக்கும்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டுகிறது. நான் போர்வையை விலக்கிவிட்டு எழும்பி உட்கார்ந்திருக்கிறேன்.