ரோசலின் தலையாட்டினாள்

அன்புள்ள அம்மாவுக்கு, ஷர்மினி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நம்மூர் குனோங் ராபாட்டில் இன்னும் மழையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஹவாய்ப் பள்ளியில், கேலிக்கொடுமையை நிறுத்த மாணவர்களே குழு அமைத்திருக்கிறார்கள். வட்டமாக உட்கார்ந்து, மனத்திலுள்ளதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு உறவைச் சரிசெய்வது இத்தீவின் பழைய வழக்கம். அதையே பின்பற்றுகிறார்கள்.

வேறு தீவிலிருந்து வந்த ரோசலின் என்ற மாணவியை "அழுக்கு" என்று கேலி செய்தவர்களை, போன வாரம் அவளோடு உட்கார வைத்தார்கள். கேலி செய்தவர்கள் அழுது மன்னிப்புக் கேட்டார்கள். அவளும் தலையாட்டினாள். மறுநாளிலிருந்து வரவில்லை. பள்ளியைவிட்டே நின்றுவிட்டாளாம்.

"எல்லாம் சரியாத்தானே செஞ்சோம், டீச்சர்?" என்று குழுத்தலைவி கைலானி கேட்டாள்.

தங்கை கவிஷாவும் போனில், "இப்ப ஸ்கூல்ல யாரும் கேலி பண்றதில்லலா, அக்கா" என்கிறாள். நம்பாதீர்கள், அம்மா. அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம்.

முடிந்தால் நெத்திலி சம்பால் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

மணி அடித்துவிட்டது. இன்று இன்னொரு பிள்ளைக்காக வட்டம் கூடுகிறது. எனக்குத்தான் போய் உட்காரக் கால் வரவில்லை.

உங்கள் மகள்,
ஷர்மினி