ஆறு கட்டைப் பாட்டு

மார்ச் 3, செவ்வாய்

புது ஆல்பத்தின் எட்டாவது பாட்டு முடிந்தது. பதினொரு வருடம் மைக் பக்கமே போகாதவள் எட்டுப் பாட்டுப் பாடி முடித்திருக்கிறேன். எழுதி வைத்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும். எல்லாம் டிஸ்கோ. டிரம் ஒரே சீராக டம் டம் என்று போக, பேஸ் கிட்டார் அதற்குள் புகுந்து புகுந்து ஓடுகிறது. அன்று கேலி செய்தவர்களுக்கெல்லாம் இன்று இதுதான் வேண்டுமாம். ரெக்கார்டு கம்பெனி மேலாளர் சொன்னார். எதற்கெடுத்தாலும் 'பாசிட்டிவா இருங்க மேடம்' என்பார். மகள் அவருக்குப் பாசிட்டிவ் என்றே பேர் வைத்துவிட்டாள்.

பாக்கி ஒன்பதாவது பாட்டு. என் பழைய ஹிட்டைப் புதிதாகப் பாட வேண்டும். 24ஆம் தேதி ஸ்டூடியோவில் கடைசி நாள்.

மார்ச் 6, வெள்ளி

அட்டைப்படத்துக்கு ஜிகினா கவுன். ஜிப் முதுகுப் பாதியில் நின்றது. தையல்காரம்மா 'மூச்ச இழுங்க' என்றார். இழுத்தேன். 'விடாதீங்க' என்றார். எவ்வளவு நேரம் விடாமல் இருப்பது? கடைசியில் பின்பக்கம் ஊக்குக் குத்தி, முன்பக்கம் மட்டும் படம் எடுத்தார்கள்.

மார்ச் 9, திங்கள்

ஒன்பதாவது பாட்டை இன்று தொட்டோம். பழைய ரெக்கார்டில் இருக்கிற அதே சுருதியில் வேண்டும் என்று பாசிட்டிவ் சொல்லியிருந்தார். பல்லவி நன்றாகப் போனது. சரணத்தின் கடைசி வரி மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. ஐந்து முறை பாடினேன், ஐந்தும் அதே இடத்தில்.

அண்ணன்தான் இசை, கீபோர்டு எல்லாம். என் முதல் பாட்டிலிருந்தே அவன்தான். 'ஆறு கட்டை வேணாம் பாப்பா. ஒரு கட்டை இறக்கி அஞ்சுல பாடு' என்றான். நாற்பத்தேழு வயதிலும் அவனுக்கு நான் பாப்பா.

எனக்குக் கட்டைக் கணக்கு தெரியாது. எண் கூடினால் சுருதி கூடும், குரல் இன்னும் மேலே போக வேண்டும், அவ்வளவுதான் தெரியும். அவன் என்ன சுருதி கொடுக்கிறானோ அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவேன். ஆனால் அந்த ரெக்கார்டு ஆறு கட்டை என்பது பாட்டுப் பாடுகிற எல்லாருக்கும் தெரியும். இறக்கிப் பாடினால், குரல் போனது நிஜம்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. மாட்டேன் என்றேன்.

மார்ச் 11, புதன்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், மௌனம். வீட்டில் எல்லாவற்றுக்கும் சைகை. மகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

சும்மா இருந்தால் அந்த டிவி நிகழ்ச்சிதான் ஞாபகம் வருகிறது. அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். வேறொருவர் கீபோர்டு வாசித்தார். இதே பாட்டு, இதே வரி. ஊர் பார்க்கக் குரல் கிழிந்தது. மறுநாள் பேப்பரில் 'குரல் போச்சு' என்று போட்டார்கள். அதோடு நிறுத்தினேன். அதற்கு முன் எத்தனை மேடை! ஒரு நாள்கூடத் தடுக்கியதில்லை. டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றால் ஏன் வரவில்லை?

மார்ச் 14, சனி

அந்த வரி இன்றும் வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

கைதட்டல் பதிவு. டிஸ்கோ என்றால் கைதட்டல் இல்லாமல் முடியாது. நான், அண்ணன், மகள், டிரைவர், காபி கொண்டுவந்த அம்மா, எல்லாரும் ஒரு மைக்கைச் சுற்றி நின்று தட்டினோம். மகள் ஒவ்வொரு முறையும் அரை நொடி முந்தினாள். 'உன் பொண்ணு நாளைக்கு வர்ற தாளத்த இன்னைக்கே தட்டுறா' என்றான் அண்ணன். ரொம்ப நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் பாசிட்டிவ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இருபத்திநாலுக்குள்ள வரலைன்னா அந்த ஒரு பாட்ட மட்டும் ஒரு புதுப் பொண்ண பாட வச்சுக்கலாம்.' என் ஆல்பத்தில், என் பாட்டை, வேறொருத்தி. தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் தலையாட்டினேன்?

மார்ச் 18, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஒலிப்பதிவுப் பெண் கம்பெனி கிடங்கிலிருந்து பழைய பாட்டின் ஒரிஜினல் டேப்பை வரவழைத்திருந்தாள். பழைய வயலின்களை அதிலிருந்து எடுத்துப் புதுப் பாட்டில் சேர்க்கலாம் என்று. 'மேடம், ஒரு நிமிஷம் இத கேளுங்களேன்' என்று ஓடவிட்டாள். என் குரல். ஆனால் மெதுவாக, கனமாக, கீழே இருந்தது.

மெஷின் பழுதா என்றேன். 'நானும் அப்படித்தான் நெனச்சேன். மெஷின் சரியா ஓடுது. நீங்க பாடினதே அஞ்சு கட்டைதான். அப்புறம் டேப்ப வேகமா ஓட்டி ஆறாக்கியிருக்காங்க. வேகம் கூடினா குரலும் மேல ஏறிடும்.' டேப் பெட்டியைக் காட்டினாள். மூடியில் மையால் எழுதியிருந்தது: 'ஒரு கட்டை வேகம் கூட்டவும்.' அண்ணன் கையெழுத்து.

நான் அந்தப் பாட்டை ஆறு கட்டையில் பாடவே இல்லை. ஒரு நாளும் பாடவில்லை.

மேடையில் அவன் வாசித்தான், அஞ்சில் வாசித்தான், எனக்கு வந்தது. டிவியில் வந்தவர் ரெக்கார்டைக் கேட்டுப் பழகியவர். ஆறில் வாசித்தார். இவ்வளவுதானா? இதுக்கா பதினொரு வருஷம்?

மார்ச் 19, வியாழன்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. 'டேப் பெட்டியப் பார்த்தேன்' என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

'உன் குரல் கட்டையா இருக்கு, வேற பொண்ண வைக்கலாம்னு கம்பெனியில சொன்னாங்க. உன் வாய்ப்ப நழுவ விடக் கூடாதுன்னு டேப்ப ஏத்தினேன். நான்தானே எப்பவும் கூட வாசிக்கப் போறேன், அஞ்சுலயே ஓட்டிடலாம்னு இருந்தேன்.'

'எனக்கு அப்ப இருபத்திமூணு வயசு. என்கிட்ட கேக்கணும்னு தோணலையா?'

'தோணுச்சு. நீ மனசு உடைஞ்சுடுவேன்னு பயம்.'

'சரி. டிவிக்கு அப்புறம்?'

'சொல்லத்தான் வந்தேன். நீ குப்புறப் படுத்து அழுதுட்டிருந்த. நாளைக்குச் சொல்லலாம்னு திரும்பிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னு...'

நான் அவனை முடிக்க விடவில்லை. என்னென்னவோ சொன்னேன். எதையும் இங்கே எழுதப் போவதில்லை. என் தொண்டையில கேமரா விட்டப்ப வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தவன் இவன்தானே? எப்படிடா உக்காந்திருந்த?

மார்ச் 20, வெள்ளி

அண்ணன் நாலு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பாடினேன். அஞ்சு கட்டை. அண்ணன் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வெளியே நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒலிப்பதிவுப் பெண்தான் சுருதி கொடுத்தாள். அந்த வரி இரண்டாவது முறையிலேயே வந்தது. உடையவில்லை. ஹெட்போனைக் கழற்றியபோது காதெல்லாம் வியர்த்திருந்தது.

பாசிட்டிவ் பதிவைப் போட்டுக் கேட்டார். மோவாயைத் தடவினார். 'நல்லா இருக்கு மேடம். பழசு மாதிரி ஒரு துள்ளல் மட்டும் இல்ல. இப்ப கம்ப்யூட்டர்ல ஒரு கட்டை ஏத்திட்டா யாருக்கும் தெரியாது.'

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தான். 'ஏத்தாதீங்க. பழசையும் நான்தான் ஏத்தினேன். அதுல இருக்கறது இவ குரலே இல்ல. இதுதான் இவ குரல்.'

அவன் இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாசிட்டிவுக்கு ஒன்றும் புரியவில்லை. 'சரி, பாசிட்டிவா பார்ப்போம்' என்றார். ஏத்தவில்லை.

வீட்டுக்கு ஒரே காரில்தான் வந்தோம். அவன் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

மே 8, வெள்ளி

ஆல்பம் வெளியானது. ஒரு விமர்சனத்தில் 'காலம் இவர் குரலை அழகாக முதிர வைத்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். முதிரவில்லை ஐயா, இருபத்திமூன்று வயதிலேயே இப்படித்தான். மகள் சத்தம் போட்டு வாசித்துக் காட்டி உருண்டு சிரித்தாள்.

அண்ணனோடு பேசுகிறேனா? வேலைக்கு வேண்டிய அளவு.

ஜூன் 13, சனி

பதினொரு வருடத்துக்குப் பிறகு என் முதல் மேடை, நேற்று மாலை. அரங்கம் நிறைந்திருந்தது என்று பாசிட்டிவ் சொன்னால் நம்பியிருக்க மாட்டேன், நானே பார்த்தேன். ஜிகினா கவுனைப் பிரித்துத் தைத்திருந்ததால் மூச்சு விட முடிந்தது.

கடைசியில் அந்தப் பாட்டு. அண்ணன் கீபோர்டில் கை வைத்தான், ஆனால் ஆரம்பிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று புரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறான்.

'அஞ்சு கட்டை, அண்ணா' என்றேன். மைக்கிலேயே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் சிலர் ஏனென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

சரணத்தின் கடைசி வரியில் கூட்டமும் சேர்ந்து பாடியது. பழைய நாளில் ரசிகர்கள் கடிதத்தில் எழுதுவார்கள், வீட்டில் ரெக்கார்டோடு சேர்ந்து பாடும்போது அந்த இடம் யாருக்கும் எட்டாதாம், சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார்களாம். நேற்று யாரும் நிறுத்தவில்லை. நான் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, அவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எல்லாருக்கும் எட்டியது.