அம்மாவின் போனுக்கு இனி ஒரே ஒரு முறை

லே,
ஞாயிறு காலை.

அன்பு மகள் குன்சேஸுக்கு,

அபா எழுதுவது. மும்மணிகள் உன்னைக் காக்கட்டும். போன் இருக்கும்போது இந்தக் கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன். அம்மா போய் நாற்பத்தொன்பது நாள் முடியும்வரை இந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. அதனால்தான் நாளை நியூயார்க் கிளம்பும் பக்கத்து வீட்டு நவாங் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. கூரையில் காய்ந்த ஆப்ரிகாட்டில் ஒரு பை உனக்கு அனுப்பியிருக்கிறாள் அத்தை. சாப்பாட்டு வேளைதோறும் அம்மாவுக்கும் ஒரு தட்டு வைக்கிறோம். வெண்ணெய்த் தேநீரில் அவளுக்குப் பிடித்தபடி உப்பு தூக்கலாகவே போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் அம்மாவின் போனுக்குத் தினமும் அடிக்கிறாய். திட்டவில்லை மகளே, எனக்குப் புரிகிறது. ஆனால் இறந்தவர்களுக்குத் தாம் இறந்தது சீக்கிரம் புரியாது என்கிறார் லாமா. வீட்டையே சுற்றிவந்து, நாம் ஏன் பதில் சொல்வதில்லை என்று தவிப்பார்களாம். உன் மணி கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருகிறவள் அவள். இப்போது மட்டும் சும்மா இருப்பாளா?

நான் செய்தது இன்னும் மோசம். முந்தாநாள் போன் அடித்ததும், பழக்க தோஷம், சமையலறைப் பக்கம் திரும்பி, "குன்சேஸ் கூப்பிடுறா, சீக்கிரம் எடு!" என்று கத்திவிட்டேன். "போற உயிரை வாசல்ல நிறுத்திட்டியேடா, புத்தி இருக்கா உனக்கு?" என்று அத்தை கரண்டியோடு வந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் குரலைக் கேட்டு அவள் திரும்பி வந்துவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது.

லாமா தினமும் இறந்தவர்களுக்கு வழிசொல்லும் ஏட்டை அவளுக்கு வாசித்துச் சொல்கிறார்: தெரியும் வெளிச்சமும் கேட்கும் இடியும் வெளியே இல்லை, எல்லாம் உன் மனம்தான், அதன் இயல்பே தெளிவு, பயப்படாமல் அதை அடையாளம் கண்டுகொள் என்று. "நான் வாசிச்சா அவங்க என்னிக்குத் தூங்காம இருந்தாங்க?" என்று அவரே சிரிக்கிறார். "அவ யாரு சொல்லிக் கேட்டா? மக சொன்னாத்தான் கேப்பா" என்கிறாள் அத்தை.

ஆகவே அடுத்த ஞாயிறு ஒரே ஒரு முறை கூப்பிடு. போனை அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து நானே எடுக்கிறேன். அம்மா, நீ இறந்துவிட்டாய், எனக்காக நிற்காதே, போய் வா என்று சொல். அங்கே தங்குவதற்கான உன் பேப்பர் வந்துவிட்டதா என்றுதான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். வரவில்லையென்றால் வந்ததாகச் சொல்லாதே. இந்த நாட்களில் நம் மனசு அவர்களுக்கு அப்படியே தெரியுமாம்.

அங்கேதான் நான் தோற்றுப்போகிறேன். போனை அணைத்து வைக்கலாமே என்பாய். அதற்குத் தினமும் சார்ஜ் போடுவதே நான்தான். தட்டின் முன் உட்கார்ந்து, போ என்று வாயால் சொல்கிறேன். உள்ளே, இரு, இரு என்று அடித்துக்கொள்கிறது. அவளுக்கு எது கேட்கும்?

வேளைக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. நன்றாக இருப்பதுபோல் பேசினால் போதாது, மகளே. நிஜமாகவே நன்றாக இருந்துகொண்டு கூப்பிடு.

உன் அபா,
ஸ்டோப்தன்